உள்ளே விட்ட துணி

“சார், நீங்க போட்டிருக்கிற சட்டை யாரு அளவுக்குத் தச்சது?”

ஆறு வருடங்களுக்கு முன், நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தின் சாலையோரம், லாரியின் மறுபக்கம் நின்றுகொண்டு என்னிடம் இப்படிக் கேட்டீர்கள், டீச்சர். பதில் எனக்குத் தெரியும்.

இன்று காலை உங்கள் தம்பி மகள் சுருளிப்பட்டிக்கு வந்து, உங்கள் இஞ்ச் டேப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். வேதாகமப் பையின் ஜிப்புக்குள் சுருட்டி வைத்தபடியே இருந்ததாம். “அத்தை இத உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாக. எதுக்குன்னு கேட்டா சிரிச்சாக” என்றாள். நீங்கள் தையல் டீச்சர், எனக்கோ ஊசியில் நூல் கோக்கவும் தெரியாது. இருந்தாலும் நீங்கள் ஏன் சிரித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். டேப்பை மேசையில் விரித்துப் பார்த்தேன். மஞ்சள் நிறம் வெளுத்து, முனை இழை இழையாகப் பிரிந்து, முதல் ஒரு இஞ்சு முழுவதும் எண்ணும் கோடும் அழிந்துபோயிருக்கிறது. அந்த ஒரு இஞ்சைப் பற்றித்தான் உங்களுக்கு இந்தக் கடிதம்.

அலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கோயிலில் இருந்தீர்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆராதனை. நான் திராட்சைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் ஆட்களோடு நின்றிருந்தேன். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று யாரோ சொன்னபோது, மலைக்கு நடுவே வாழ்கிற நமக்கு அதன் அர்த்தமே புரியவில்லை. டிவியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஒரு வாரம் ஊரில் யாரும் உரக்கப் பேசவில்லை. பிறகு, எல்லா ஊரிலும் செய்ததைப் போல நாமும் துணி சேர்த்தோம்.

எப்படிச் சேர்த்தோம் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வீடு வீடாகப் போய்ப் பழைய துணி கேட்டோம். கொடுத்தார்கள், தாராளமாகவே கொடுத்தார்கள். நானும் என் பீரோவில் இருந்து காலர் நைந்த சட்டைகள் ஆறு எடுத்துப் போட்டேன். பெட்டிக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, காமயகவுண்டன்பட்டியில் பழம் ஏற்றுகிற வியாபாரி ஒருவர் காலித் திராட்சைப் பெட்டிகளைக் கொடுத்தார். அவர் லாரியையும் கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால் அந்தப் பெட்டிகளைக் கழுவ வேண்டும் என்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தினமும் திராட்சை வாசனையிலேயே வாழ்கிறவர்களுக்கு அது வாசனையாகவே தெரிவதில்லை அல்லவா?

புறப்படும்போது உங்கள் சபையில் ஒரு பெரியவர், லாரி முகப்பில் கட்டுவதற்குத் துணி பேனர் ஒன்று எழுதிக்கொண்டு வந்தார். சபையின் பெயர், ஊரின் பெயர், கீழே அவருடைய பெயரும் இருந்தது. நீங்கள் அதைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்துவிட்டுச் சொன்னதை நான் இன்றுவரை எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன்.

“ஆண்டவர் சீஷர்கள் காலக் கழுவித் தொடச்சாரு. அந்தத் துண்டுல யாரு உபயம்னு எழுதியா இருந்துச்சு?”

கோயில் டியூப்லைட்டில் தன் பெயர் எழுதிய அந்தப் பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. வருடா வருடம் வீரபாண்டி அம்மனுக்கு அக்கினிச் சட்டி எடுக்கிற குடும்பத்துக்காரன் நான். எனக்கு உங்கள் வேதம் தெரியாது. ஆனால் அந்தத் துண்டு எனக்குப் பிடித்துப்போயிற்று.

நாகப்பட்டினம் நெருங்க நெருங்க, சாலையின் இரண்டு பக்கமும் குவியல் குவியலாக ஏதோ கிடந்தது. குப்பை என்று நினைத்தேன். எல்லாம் துணி. பனியில் நனைந்து, மண் ஒட்டி, மேலே ஆடுகள் ஏறி நின்றன. ஊர் ஊராக லாரியில் வந்து இறக்கிவிட்டுப் போன பழைய துணிகள். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ‘இவ்வளவு கஷ்டத்திலும் இப்படி ஒரு வீம்பா’ என்றுகூட மனதில் ஓடியது. டீச்சர், அதை இன்றைக்குத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

குப்பத்து மக்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். நாம் முதல் பெட்டியைத் திறந்ததும் வரிசையாக எறும்பு வந்தது. பன்னீர் திராட்சைச் சாறு ஊறின பலகையில் பத்து மணி நேரம் பயணம் செய்த துணி அல்லவா? கண்ணாத்தா என்று ஒரு வயதான அம்மா அங்கே எல்லோருக்கும் தலைவிபோல இருந்தார். அவர் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு துணியைத் தூக்கிப் பிடித்தார். யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் கவுன், ஜரிகை வைத்தது, முதுகில் ஜிப் போனது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத யாருக்குன்னு கொண்டாந்தீங்க, வாத்தியாரே?”

அதில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் குப்பத்தில் அந்த கவுன் அளவுள்ள குழந்தைகளில் பாதிப்பேர் அப்போது இல்லை. நான் லாரியின் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன். அங்கே வந்துதான் என் சட்டையைப் பற்றிக் கேட்டீர்கள்.

என் சட்டை என் அளவுக்குத் தைத்தது. கம்பத்தில் என் தையல்காரர் என் இடது தோள் சற்று இறங்கியிருக்கும் என்று பார்த்துத் தைத்தது. வகுப்பில் எதற்கும் ஒரு உதாரணம் சொல்லிப் பழகியவன் நான், இதற்கும் ஒன்று சொல்கிறேன். எங்கள் திராட்சைப் பந்தலை என் அப்பா தன் உயரத்துக்குப் போட்டார். நான் அவரைவிட நான்கு விரற்கடை உயரம். அந்தப் பந்தலுக்குள் நாற்பது வருடம் குனிந்தே நடந்தேன். பந்தலில் ஒரு குறையும் இல்லை. அது எனக்காகப் போட்டது இல்லை, அவ்வளவுதான். பழைய துணிக் குவியலை அந்த மக்கள் ஏன் தாண்டிப் போனார்கள் என்பது உங்கள் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு எட்டியது.

நீங்கள் திரும்பிப் போய்க் கண்ணாத்தாவிடம், என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். அந்தப் பத்து நாளில் அப்படி யாரும் கேட்கவில்லையாம். அவர் உங்களைத் தனியே கூட்டிப் போய்ப் பேசினார். சேலைகள் வந்துவிட்டன, ரவிக்கை இல்லை. அலை பல பெண்களின் உடுப்பையும் கொண்டுபோயிருந்தது. அடுத்தவர் ரவிக்கை எப்படிச் சேரும்? பெண்கள் சேலையை இறுக்கிச் சுற்றிக்கொண்டும், கிடைத்த ஆம்பளைச் சட்டையை மேலே போட்டுக்கொண்டும் வகுப்பறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். நிவாரணம் வாங்கக்கூட ஆண்கள்தான் வெளியே வந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி அஞ்சலை. கணவனும் ஏழு வயது மகளும் போய்விட்டார்கள். கரும்பலகைக்குக் கீழே, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நாற்பதாம் நாள் குப்பத்தார் எல்லோரும் கடற்கரைக்குப் போய், செத்தவர்களுக்குப் பால் ஊற்றுவதாகப் பேசி வைத்திருந்தார்கள். அஞ்சலை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அவள் உங்களிடம் சொன்னதை நீங்கள் லாரியில் திரும்பும்போது எனக்குச் சொன்னீர்கள்.

“எவனோ போட்ட சட்டையோட போயி எம்புள்ளை முன்னால எப்படி நிப்பேன்? அது என்னைய அடையாளம் கண்டுக்குமா?”

நீங்கள் வேதாகமப் பையின் ஜிப்பைத் திறந்து டேப்பை எடுத்தது அந்தப் பேச்சுக்குப் பிறகுதான். வகுப்பறை வாசலில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டச் சொன்னீர்கள். உள்ளே நீங்கள் அளவு எடுத்துக் குரல் கொடுப்பது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் எழுதுவது என்று ஏற்பாடு. நோட்டில் வருகைப் பதிவேடுபோலக் கட்டம் போட்டேன். முதல் பெயருக்கு எதிரே பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன், “கணவர் பேரு?” என்று. திரைக்கு உள்ளே இருந்து உங்கள் குரல் வந்தது. “பேரு மட்டும் போதும் சார்.” அந்தக் கட்டத்தை அங்கேயே அடித்தேன்.

ஆரம்பிக்கும்போது இன்னொன்றும் சொன்னீர்கள். “சார், டேப்பு முனையில ஒரு இஞ்சு தேஞ்சு போச்சு. நான் ஒன்னுல இருந்துதான் புடிப்பேன்.” நான் கணக்கு வாத்தியார். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நீங்கள் முப்பத்துநாலு என்றால் முப்பத்துமூன்று என்று எழுதினேன். நாற்பத்து மூன்று பெண்களுக்கும் அப்படியே, அளவில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் கவனமாக ஒன்றைக் கழித்துக் கழித்து எழுதினேன். அந்த நோட்டைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பெருமை.

அளவோடு ஒவ்வொருத்தியிடமும் நிறமும் கேட்டீர்கள். வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு அது ஆச்சரியம். எல்லாம் இழந்தவர்களிடம் போய் என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்பதா? ஆனால் உள்ளே மெல்ல மெல்லக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. பச்சை வேண்டாம், கிளிப்பச்சை வேண்டும் என்று ஒருத்தி. கண்ணாத்தா தனக்கு எதுவானாலும் சரி என்று சொல்லிவிட்டு, போகிறபோது மயில்கழுத்து என்றாராம். அஞ்சலை மட்டும் பேசவில்லை. நீங்களும் விடாமல் காத்திருந்தீர்கள். கடைசியில் அவள் “அரக்கு” என்றாள். மகளின் பாவாடை அந்த நிறமாம்.

அந்தத் துணிப்பெட்டிகளை நாம் இறக்கவில்லை, திருப்பிக் கொண்டுவந்தோம். ஊரில் கேலி பேசினார்கள். “தானம் குடுக்கப் போயித் துணி வாங்கிட்டு வந்திருக்காகடா” என்று டீக்கடையில் ஒரே சிரிப்பு. உங்கள் சபை அந்த வருடத்து அசன விருந்தை நிறுத்தி, அந்தப் பணத்தில் துணி எடுத்தது. கம்பத்து ஜவுளிக்கடை பாய், நிறப் பட்டியலைப் பார்த்துவிட்டு, அரக்கில் மட்டும் நான்கு சாயல்களை எடுத்து விரித்தார். பள்ளித் தையல் அறையில் ஐந்து மெஷின்கள். மாலை நான்கரை மணிக்குப் பிறகு உங்கள் சபைப் பெண்களும், என் வீட்டுக்காரியும், பக்கத்துத் தெருப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். நான் கொக்கிக்குக் காஜா எடுக்கப் பழகலாம் என்று ஒருநாள் உட்கார்ந்தபோது, நீங்கள் என் கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு துண்டுச் சீட்டில் பெயர் எழுதும் வேலையைக் கொடுத்தீர்கள். ஒவ்வொரு ரவிக்கையிலும் அதற்குரியவளின் பெயரை எழுதி ஊக்கால் குத்தினோம். நம் பெயர் எதிலும் இல்லை.

அந்த அறையில் உங்களோடு ஒரே ஒரு சண்டை நடந்தது. நீங்கள் பக்கத் தையலின் உள்ளே, வழக்கமாக விடுவதைப் போல இரண்டு மடங்கு துணி விடச் சொன்னீர்கள். என் வீட்டுக்காரி, “எதுக்கு டீச்சர் இம்புட்டுத் துணி உள்ள கெடந்து வீணாப் போகணும்?” என்றாள். நீங்கள், இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினை மிதித்தீர்கள்.

நாற்பதாம் நாளுக்கு முந்தின நாள் மதியம் நாம் அங்கே போனோம். குப்பத்தார் அதற்குள் தார்த்தாள் வேய்ந்த கொட்டகைகளுக்கு மாறியிருந்தார்கள். நான் சீட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஒவ்வொருத்தியும் எழுந்து வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பரிசளிப்பு விழாவில்கூட அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் கண்ணாத்தா கொட்டகையில் இருந்து தலையை நீட்டினார்.

“டீச்சரம்மா, கொக்கி எட்டலியே.”

அடுத்த கொட்டகையிலும் எட்டவில்லை. அதற்கடுத்த கொட்டகையிலும் எட்டவில்லை. நீங்கள் என்னைப் பார்த்து, நோட்டைக் கேட்டீர்கள்.

“சார், இங்கன வாங்க. நான் சொன்ன அளவ அப்படியே எழுதுனீகளா?”

“ஒன்னு கழிச்சு எழுதுனேன் டீச்சர். டேப்பு தேஞ்சிருக்குன்னு சொன்னீகளே.”

நீங்கள் நோட்டை மூடினீர்கள்.

“நானும் கழிச்சுத்தான் சார் சொன்னேன்.”

முப்பது வருடமாக அந்தத் தேய்ந்த டேப்பைப் பிடித்த உங்கள் நாக்குக்கு, கழித்துச் சொல்வது மூச்சு விடுவதைப் போல. முப்பது வருடமாகக் கணக்குப் போட்ட எனக்கு, கழித்து எழுதுவது அப்படியே. இரண்டு பேரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்திருந்தோம். நாற்பத்து மூன்று ரவிக்கையும் ஒரு இஞ்சு இறுக்கம். வெட்டும்போது உங்களுக்கு அளவுகள் சிறிதாகத் தோன்றினவாம். பட்டினி கிடந்த உடம்பு, வற்றிப் போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டீர்களாம்.

விடிந்தால் கடற்கரை. நான் அஞ்சலையைப் பார்த்தேன். அவள் கொட்டகை வாசலில் அரக்கு ரவிக்கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஆம்பளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். எறும்போடு கொண்டுவந்த பழைய துணி அந்த மக்களுக்குச் செய்த அவமானத்தைவிட இது பெரியதாக எனக்குப் பட்டது. சரியாகச் செய்கிறோம் என்று நம்ப வைத்துவிட்டு, கடைசி நாளில் கைவிட்டதாகத்தானே ஆகும்?

கண்ணாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இவுரு எதுக்கு வாத்தியாரு?” என்று உங்களிடம் கேட்டார்.

“கணக்குக்கு.”

“நல்லாத்தான் போ. ஏ பொண்ணுங்களா, இவுரு அளவெடுத்துக் கட்டுன படகுல மட்டும் யாரும் ஏறிடாதீங்கடி.”

யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு இன்னொருத்தி. சிரித்துக்கொண்டே ஒருத்தி அழ ஆரம்பித்தாள். நீங்கள் தரையில் உட்கார்ந்து, ஒரு ரவிக்கையை உள்பக்கம் திருப்பி, தையலுக்குள் மடங்கியிருந்த துணியை விரித்துக் காட்டினீர்கள். இரட்டை மடங்கு. என் வீட்டுக்காரி வீண் என்று சொன்ன துணி. “பிரிச்சு விட்டாப் போதும். எல்லாருக்கும் காணும்” என்றீர்கள்.

பிரிக்க பிளேடு தேட வேண்டும் என்று நான் எழுந்தேன். அதற்குள் அஞ்சலை, பெயர்ச் சீட்டில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அதன் முனையால் தன் ரவிக்கையின் தையலைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். வலை பின்னிப் பழகிய விரல்கள். நூல் ஒவ்வொன்றாக எழும்பி வந்தது. அதைப் பார்த்து எல்லோரும் ஊக்கைக் கழற்றினார்கள். நீங்கள் சாக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தீர்கள். ஊசி வைத்திருந்தவர்கள் கையால் ஓடுதையல் போட்டார்கள். என்னைச் சும்மா விடவில்லை. ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கும் வேலை வைத்தார்கள். பத்தில் ஒன்பது தடவை தவறவிட்டு, எல்லோருடைய கேலியையும் வாங்கிக்கொண்டேன். “வாத்தியாரே, கண்ண மூடிக்கிட்டுக் கோத்துப் பாருங்க” என்று ஒருத்தி. அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. விளக்கு வைக்கும் முன் முடித்துவிட்டோம். தோள் பக்கம் சிலருக்கு இழுக்கத்தான் செய்தது. அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

மறுநாள் காலை அஞ்சலை கடற்கரைக்கு வந்தாள். அரக்கு ரவிக்கை. கையில் பால் சொம்பு. முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்று, நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊற்றினாள். அவள் மகளிடம் என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் கூட்டத்துக்கு வெகு பின்னால், செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையில் முக்காடு போட்டு நின்றிருந்தீர்கள். நான் பக்கத்தில் வந்து, நீங்கள் ஜெபம் செய்யவில்லையா என்று கேட்டேன்.

“ரெண்டு வாரமா மெஷின் மிதிச்சது என்னன்னு நெனச்சீக சார்?”

ஊர் திரும்பும் வழியில்தான் அந்தக் கூடுதல் துணியைப் பற்றிக் கேட்டேன். என் தப்பு உங்களுக்கு முன்பே தெரியுமோ என்று ஒரு சந்தேகம். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னீர்கள்.

“அவுக சாப்பிடாமக் கெடக்காக. என்னைக்காச்சும் ஒருநாள் சாப்பிட ஆரம்பிப்பாகல்ல? ஒடம்பு தேறும்ல? அன்னைக்கு இந்த ரவிக்கை பத்தாமப் போயிரக் கூடாதுல்ல.”

நான் மனம் நொந்துபோனேன். அவர்கள் தேறும் நாளுக்காக வைத்ததில் பாதியை என் தப்பு தின்றுவிட்டதே என்றேன். “இன்னும் மிச்சம் இருக்கு சார்” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனீர்கள். உங்களுக்கு அதில் ஒரு பாரமும் இல்லை. என்னை ஒரு சொல்கூட நீங்கள் குறை சொல்லவில்லை என்பது, ஊருக்குள் வந்து பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த வருடம் அந்த நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வந்தது. எல்லா ஊரிலும் மெழுகுவத்தி ஏற்றினார்கள். நாம் விடியலில், மலை மேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் ஜீப்புக்குக் காத்திருக்கும் இடத்துக்குப் போனோம். தினமும் நம் கண்ணெதிரே போகிறவர்கள்தான். எல்லோரும் சேலைக்கு மேலே வீட்டு ஆம்பளையின் பழைய சட்டையைப் போட்டிருந்தார்கள். அட்டைக்கும் செடி கீறலுக்கும் அதுதான் காப்பு. கை நீளத்தை நாலு மடிப்பு மடித்து விட்டிருப்பார்கள். அத்தனை வருடமாகப் பார்த்தும் எனக்கு அது கண்ணில் படவில்லை. கடற்கரைக்குப் போய்வந்த பிறகுதான் பட்டது. நீங்கள் டேப்பை எடுத்தீர்கள். நான் நோட்டை எடுத்தேன். இந்தத் தடவை முதலிலேயே கேட்டேன், “டீச்சர், கழிக்கிறது யாரு?”

பொங்கலுக்கு முன் அவர்கள் அளவுக்கே வேலைச் சட்டைகள் தைத்துக் கொடுத்தோம். சுருக்குப்பை வைக்க உள்பக்கம் ஒரு பை. ஒரு அம்மா போட்டுப் பார்த்துவிட்டு, “டீச்சரு, எங்க வீட்டு மனுசன் சட்டை இனியாச்சும் அந்தாளுக்குக் கெடைக்கும்” என்றார். பிறகு ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் அதே இடம். சட்டை வாங்கியவர்களில் சிலருக்கு எதற்காக அந்தத் தேதி என்று தெரியாது. நீங்களும் சொல்லவில்லை. போன வருடம் நீங்கள் படுக்கையில் இருந்தீர்கள். என் வீட்டுக்காரி டேப்பைப் பிடித்தாள். திரும்பி வந்து உங்களிடம் நோட்டைக் காட்டினேன். ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டு, “பரவால்ல, தேறிட்டீக” என்றீர்கள். முப்பத்தைந்து வருடம் மார்க் போட்டவனுக்கு அப்படி ஒரு மார்க் கிடைத்ததில்லை.

உங்களை அடக்கம் செய்த இரண்டாம் நாள் அஞ்சலை வந்தாள். சேதி தாமதமாகத்தான் போயிருக்கிறது. கையில் ஒரு பொட்டலம் கருவாடு. அதனால் பஸ்ஸில் பக்கத்தில் யாருமே உட்காரவில்லை, வசதியாகப் படுத்துக்கொண்டு வந்தேன் என்றாள். கண்ணாத்தா போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறதாம். இவள் இப்போது மீன் ஏலம் எடுக்கும் பெண்கள் குழுவில் முன்னால் நிற்கிறாளாம். உடம்பு நன்றாகப் பூசியிருந்தது. சத்தமாகப் பேசினாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளா இவள் என்று எனக்குத் திகைப்பு.

அவளைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். ஈரம் காயாத மண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து, பையில் இருந்து அந்த அரக்கு ரவிக்கையை எடுத்தாள். வெளுத்துப் போயிருந்தது. உள்பக்கத்தைத் திருப்பி, பக்கத் தையல் ஓரத்தில் விரலை வைத்து என்னிடம் காட்டினாள். துணியில் ஊசித் துளைகள் இரண்டு வரிசையாகத் தெரிந்தன. முதல் வரிசை என் தப்பு. அதை அன்றைக்கு அவளே ஊக்கால் பிரித்தாள். இரண்டாவது வரிசை, அதற்குப் பிறகு ஏதோ ஒரு நாளில் அவள் பிரித்தது. மூன்றாவது தையல் துணியின் கரையை ஒட்டி ஓடியது.

“மிச்சம் இல்ல சார். டீச்சரம்மா விட்டதெல்லாம் பிரிச்சு விட்டாச்சு” என்றாள். பிறகு மண்ணைப் பார்த்து, “இனி புதுசுதான் தைக்கணும், டீச்சரம்மா” என்று உங்களிடமே சொன்னாள்.

அந்த இடத்தில் நான் எந்த ஜெபமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது. நாற்பத்து மூன்று பேரும் ஒருநாள் தேறுவார்கள் என்று, அவர்கள் அழுதுகொண்டிருந்தபோதே நீங்கள் நம்பி, அந்த நம்பிக்கையைத் தையலுக்கு உள்ளே மடித்து வைத்திருந்தீர்கள். அதை என் கண்ணால் பார்க்கக் கிடைத்தது. அதற்காக உங்களுக்கு நன்றி. என் தப்புக்கும் அதற்குள்ளேயே இடம் வைத்திருந்ததற்கும் நன்றி.

இன்னும் சில நாளில் அந்தத் தேதி வருகிறது. டேப்பைச் சுருட்டி நோட்டின் மேல் வைத்திருக்கிறேன். புது டேப் வாங்கிவிடலாம் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். வேண்டாம் என்றேன். அவள் ஒன்றில் இருந்தே பிடித்து, கழித்துச் சொல்லட்டும். நான் கழிக்கமாட்டேன்.

நம் பள்ளி ஆண்டு மலருக்கு இந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போகிறேன், டீச்சர். ஆகவே அதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: யாருக்காவது கொடுப்பதற்கென்று உங்கள் வீட்டில் ஏதாவது எடுத்து வைத்திருந்தால், இந்த வாரம் அதை அங்கேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு அவர்களிடம் போய், முதலில் அளவைக் கேட்டுவிட்டு வாருங்கள்.